சீயாக்காயும் தேசிக்காயும் சரி, வெந்தயத்தோடுதான் வழக்கு

"ஷாம்பூவை விட்டிட்டுச் சீயாக்காய்க்கு மாறலாமோ அக்கா?" என்று கேட்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வருசக்கணக்காகப் பாவித்த பிறகும் மனம் ஒரு பக்கம் சாயவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் தலைமயிரிலும் படிகிறது. சவர்க்காரம் போட்டுத் தோய்ந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத பிசுக்காகி விடும். சீப்பின் பற்களுக்கு நடுவே மெழுகு மாதிரி அப்பியிருப்பது அதுதான். அழுக்குப் போகவில்லை என்று நினைத்து இன்னும் சவர்க்காரம் போட, பிசுக்கு இன்னும் கூடும். சீயாக்காயில் நுரை தருகிற சப்போனின் சுண்ணாம்போடு அப்படித் திரளாது. தேசிக்காய்ப் புளி ஏற்கெனவே படிந்ததையும் கரைத்துக்கொண்டு போகும். நாலைந்து முழுக்கில் சீப்புச் சுத்தமாக வரும். மயிர் விரலுக்குள் வழுக்கும். இந்த ஒரு விசயத்தில் எங்கள் பழைய ஆட்கள் கண்டுபிடித்தது அருமையான பொருத்தம்.

தோள் தாண்டிய மயிருக்கு அளவு இது: சீயாக்காய் 8 முதல் 10 காய், தேசிக்காய் 1, செவ்வரத்தை இலை ஒரு கைப்பிடி, தண்ணீர் முக்கால் லீற்றர். சீயாக்காயை உடைத்து விதையை எடுத்து விடுங்கள். அரைபட்டால் மணல் மாதிரி தலைக்குள் நிற்பது அந்த விதைதான். இரவு ஊறவிட்டு, காலையில் தேசிக்காயையும் இலையையும் போட்டு, மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் அவிய விடுங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர் மட்டும். இரும்புச் சட்டியில் சாறு கறுத்துப் போகும். அலுமினியத்தைப் புளி அரிக்கும். ஆறினதும் கையால் பிசைந்து பழைய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். எங்கள் வெக்கைக்கு இது மறுநாளே புளித்து மணக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாள்தான். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் அப்படி எரியும். பிள்ளைகள் பிறகு கிணற்றடிக்கே வரமாட்டார்கள்.

முழுக்குக்கு முன் வைக்கிற எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு மேல் வைத்தால் சீயாக்காய் எடுக்காது. தேங்காய் விலை போகிற போக்கில் அளவாக வைப்பது கைக்கும் நல்லது. தேங்காயெண்ணெய் மயிரின் தண்டுக்குள் இறங்கிப் புரதம் கழிவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. மயிர் முறியாமல் காப்பதுதான் அதன் வேலை. புதிதாக முளைக்க வைக்காது.

இனி வெந்தயம். எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் "வெந்தயத்தையும் சேர்த்து அவித்து அரைக்கவும்" என்றுதான் இருக்கிறது. எழுதினவர்கள் ஒருநாளாவது அதைத் தலையில் இருந்து கழுவிப் பார்த்தார்களா என்று கோபம் வருகிறது. சேர்த்து அவித்தால் பசை திரண்டு துணியின் கண்ணை அடைக்கும், வடியாது. அரைத்துப் பூசினால் கோது மயிரோடு ஒட்டும். நாலு வாளி ஊற்றினாலும் பாதி போகாது. காய்ந்த பிறகு காதுக்குப் பின்னாலும் பின்கழுத்திலும் பொடிப்பொடியாக உதிரும். அதைப் பார்த்துப் பொடுகு கூடிவிட்டது என்று இன்னும் வெந்தயம் பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள்! கிரைண்டரில் இரண்டு தரம் அடித்தாலும் கோது கோதுதான்.

வழி ஒன்று உண்டு. ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு கோப்பைத் தண்ணீரில் தனியாக இரவு ஊறவிடுங்கள். காலையில் இளஞ்சூடாக்கி, அரைக்காமல், துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். வருகிற வழுவழுப்பான சாற்றை மட்டும் கடைசியில் நுனி மயிரில் தடவி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். சிக்கெடுக்க இதைவிட நல்ல பொருள் இல்லை என்பதையும் நியாயத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். பிழிந்த வெந்தயம் குழம்புக்கு ஆகும்.

தேசிக்காயைப் பச்சையாகத் தலையில் தேய்க்காதீர்கள். சாறு நெற்றியில் வழிந்து, அதோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்த தழும்பு விழும். அரைத் தேசிக்காயை ஒரு லீற்றர் தண்ணீரில் பிழிந்து, ஊற்றி ஒரு நிமிடத்தில் கழுவி விடுங்கள்.

சின்ன வெங்காயச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். 2002 இல் ஈராக்கில் செய்த ஆய்வில் 23 பேருக்கு நாளுக்கு இருதரம் பூசி, ஆறு வாரத்தில் 20 பேருக்கு மயிர் முளைத்தது உண்மை. ஆனால் அது புழுவெட்டுக்கு, அதாவது வட்டம் வட்டமாகக் கொட்டுகிறதற்கு. சாதாரண உதிர்வுக்கு அதைக் காட்டி விற்பது தவறு. டெங்குக் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த எண்ணெய்க்குத்தான் பேர் போகும்.

பேனுக்கு அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசுவதை விட்டு விடுங்கள். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். ஈர் பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே மயிரை நனைத்து எண்ணெய் பூசி, மூன்று நாளுக்கு ஒருதரம் பேன்சீப்பால் இரண்டு வாரம் விடாமல் வாருங்கள்.

பொடுகுக்கு இந்த அவியல் சரிவராது. பொடுகுக்குப் பின்னால் இருப்பது தோலின் எண்ணெயைத் தின்று வாழும் ஒரு பூஞ்சை. அதற்கு இரவிரவாக எண்ணெய் வைப்பது சாப்பாடு போடுவதுதான். செதில் நனைந்து ஒருநாள் மறைந்து நிற்கும், அவ்வளவே. கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்பூவை வாரம் இருதரம், ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நாலு வாரம் பாவியுங்கள். பிள்ளையின் தலையில் மயிர் முறிந்து வட்டமாகச் செதிலோடு இருந்தால் அது படை. குளிசை வேண்டும், வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாறலாமோ என்றால், சனிக்கிழமை முழுக்குக்கு மாறுங்கள். வேலைநாளில் ஷாம்பூதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது, வெந்தயத்தில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உவர்க் கிணற்றுத் தீவுப்பகுதியில் இருப்பவர்கள் சீயாக்காயைக் கைவிடாதீர்கள். பொடுகு என்று பயந்தால், காய்ந்த பிறகு தோளில் கறுத்தத் துணி போட்டுச் சீவிப் பாருங்கள். விழுவது மஞ்சளாகக் கரகரவென்று நகத்தில் நொருங்கினால் வெந்தயம். வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு விரலில் ஒட்டினால் பொடுகு.