ஸ்பிண்டில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி: 14,500 ரூபாய் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

சிறிய சிஎன்சி ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி பலகைகளை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள், "ஜிஆர்பிஎல்லுடன் அப்படியே இணைத்து ஓட்டலாம்" என்ற விளம்பரத்தோடு வரும் ஸ்பிண்டில் (வெட்டுளியைச் சுழற்றும் மோட்டார்) கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரிய இணையச் சந்தை ஒன்றில் கடை நடத்தும் விற்பனையாளரிடம் நான் 14,500 ரூபாயை இழந்து நிற்கிறேன்.

ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்), வேகக் கட்டளையை 11ஆம் பின்னில் 5 வோல்ட் பிடபிள்யூஎம் துடிப்பாகத்தான் (விட்டுவிட்டு வரும் துடிப்பு, அதன் அகலமே வேகத்தைச் சொல்லும்) தரும். ஸ்பிண்டிலுக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியோ 0 முதல் 10 வோல்ட் வரை சீரான மின்னழுத்தத்தை எதிர்பார்க்கும். ஆகவே நடுவில் மாற்றுப் பலகை ஒன்று வேண்டும். அந்தப் பலகையையும் விஎஃப்டியையும் ஒரே பெட்டிக்குள் இணைத்து, சீல் வைத்து, 14,500 ரூபாய்க்கு விற்றார்கள்.

நான் தயங்கியபோது விற்பனையாளரே தொலைபேசியில் அழைத்தார். ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட், $30இல் (ஜிஆர்பிஎல்லில் அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும் அமைப்பு) என்ன மதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். தொழில் தெரியாத ஆள் இப்படிக் கேட்க மாட்டார் அல்லவா? "ஆப்டோகப்ளர் போட்டிருக்கிறோம் சார், விஎஃப்டி பக்கம் என்ன ஆனாலும் உங்கள் போர்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று உறுதி கூறினார். ஆப்டோகப்ளர் என்பது இரு பக்கங்களையும் மின்தொடர்பின்றிப் பிரித்து, ஒளி வழியாகக் குறிகையை மட்டும் கடத்தும் பாகம். அதோடு, எஸ்12000 (நிமிடத்துக்கு 12,000 சுற்று என்ற வேகக் கட்டளை) கொடுத்ததும் திரையில் 200 ஹெர்ட்ஸ் தோன்றும் காணொளியையும் அனுப்பினார். அன்றே பணம் கட்டினேன்.

வந்த பெட்டியில் எந்த எஸ் மதிப்பைக் கொடுத்தாலும் ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில், அதாவது நிமிடத்துக்கு 24,000 சுற்று என்ற முழு வேகத்தில்தான் ஓடியது. அக்ரிலிக் உருகி வெட்டுளியைச் சுற்றிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அதில் பாதி வேகமான எஸ்12000இல் 11ஆம் பின்னை மல்டிமீட்டரால் அளந்தால் சரியாக 2.5 வோல்ட், பலகையின் வெளியீட்டில் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டுக்கும் மேல். பழுது யார் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அளவீடுகளைப் படத்தோடு அனுப்பியதற்கு முதலில் "எர்த் சரியில்லை" என்றார்கள், பிறகு "உங்கள் வயரிங் தவறு" என்றார்கள். கடைசியில், பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் ட்ரிம்பாட்டை (வெளியீட்டைச் சரிசெய்யும் சிறு திருகு மின்தடை) திருகச் சொன்னார்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக்கி ஏறத்தாழ 325 வோல்ட்டை மின்தேக்கிகளில் வைத்திருக்கும் கருவி அது. அணைத்த பிறகும் சில நிமிடங்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் அதில் தங்கியிருக்கும். காத்திருந்து திற என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திறந்து பார்த்தபோது, ட்ரிம்பாட்டின் ஒரு கால் துளைக்குள் வெறுமனே நின்றது. ஈயம் படவே இல்லை. ஆப்டோகப்ளருக்கென்று அச்சிட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அதன் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்து உள்ளீட்டை நேராகக் கடத்தியிருந்தார்கள். பாதுகாப்பு என்று சொல்லிக் காசு வாங்கிய பொருளே உள்ளே இல்லை! படம் அனுப்பியதும் வந்த பதில்: "சீல் உடைந்துவிட்டது, உத்தரவாதம் செல்லாது." உடைக்கச் சொன்னவர்களே அவர்கள்தான். சந்தைத் தளமோ, விற்பனையாளரின் பதிலை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிப் புகாரை முடித்துவிட்டது. 14,500 ரூபாய்!

விரிவாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது அதற்கு மனம் இல்லை. பலகையின் இருபுறமும் தெளிவான படம் கேளுங்கள். பலகையைத் தனியாக வாங்கினால், விஎஃப்டியில் இணைக்கும் முன் எஸ் மதிப்பை மாற்றி மாற்றி வெளியீட்டு வோல்ட்டை அளந்து, காணொளி எடுத்துவிடுங்கள். சீலை உடைக்கச் சொன்னால் எழுத்தில் வாங்காமல் தொடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். எனவே தொலைபேசியில் பேசிக்கொண்டிராமல் அவருக்கே எழுதுங்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதே பெட்டி, அதே காணொளியோடு இன்றும் அங்கே விற்பனையில் இருக்கிறது.