டிசம்பர் முதல் சித்திரை வரை: சிங்களமா, பறவையா, வயலினா, பைத்தனா?

ஒக்டோபர், நவம்பர் மாதத்துப் பின்னேர இடிமழை ஓய்ந்தபிறகு கொழும்பில் நல்ல காலம் ஒன்று தொடங்கும். டிசம்பரில் இருந்து சித்திரைப் புத்தாண்டு வரை ஏறக்குறைய நாலு மாதம். காலையில் வெளியே போகலாம், பின்னேரம் நனையாமல் வீடு திரும்பலாம், மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையும் கிடைக்கும். வேலைக்குப் போகிற ஒருவர் தனக்கென்று புதிதாக ஏதாவது பழக இதைவிட வசதியான காலம் இந்த ஊரில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், நாம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குகிறோம். தைப்பொங்கல் வருவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. ஆகவே என்னைச் சுற்றியுள்ளவர்கள் அடிக்கடி ஆசைப்படும் நாலு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த மாதங்களில், இந்த ஊரில் இருப்பதால் கிடைக்கிற ஏதாவது அதில் உண்டா? எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் செய்யக்கூடியது கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

அந்தக் கணக்கில் முதலில் பின்னுக்குப் போவது பைத்தன் என்ற கணினி நிரல்மொழி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் அடிப்படைப் பாடம் இலவசமாகவே இருக்கிறது. அலுவலகத்தில் எக்செல் தாள்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது உண்மையாகவே கைகொடுக்கும். ஆனால் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதும் அதே பாடம் அதே இடத்தில் இருக்கும். பகல் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணை, வெளியே இவ்வளவு நல்ல காலநிலை இருக்கும்போது, மறுபடி திரைக்கு முன்னால் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வயலின் அப்படியல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் பின்னேரம் நடந்தால் எங்காவது ஒரு வீட்டிலிருந்து கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை கேட்கும். நமக்கு இது அந்நியமான கலை இல்லை. ஆசிரியரைத் தேடி ஊரெல்லாம் அலையவும் தேவையில்லை. ஆனாலும் தானாகக் கற்கிற ஒருவருக்கு இந்த நாலிலும் கடினமானது இதுதான். கிட்டாரில் விரல் வைக்க வேண்டிய இடத்தை உலோகக் கட்டைகள் காட்டிக்கொடுக்கும். வயலினில் எதுவும் இல்லை. விரல் ஒரு நூல் தள்ளிப் போனாலும் சுருதி விலகிவிடும், அது விலகியதைக் கண்டுபிடிக்கும் காது தொடக்கத்தில் நமக்கு இருக்காது. வில்லைப் பிடிக்கும் விதம் பிழையாகப் பழகிவிட்டால், பிறகு அதைத் திருத்தப் படும் பாடு பெரிது. ஆகவே ஆசிரியர் கட்டாயம் வேண்டும். காணொளியை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை மூன்று வேகத்திலும் தடுமாறாமல் வாசித்து, அடுத்த பயிற்சியான ஜண்டை வரிசைக்குள் கால் வைத்தால் நாலு மாதத்துக்கு அது காணும். தொடர்மாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரையும் நினைக்க வேண்டும்: தொடக்கக்காரரின் வயலின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். பாட்டு என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஃபோனில் ஒரு தம்புரா செயலி இருந்தாலே வீட்டுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

இனி மீதி இரண்டும். என் மனம் நிற்பது இங்கேதான்.

சிங்களம் என்றதும் நம்மவர் சிலருக்கு ஒரு மனத்தடை வரும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1956 இல் சிங்களம் மட்டும் என்று வந்த சட்டம் தமிழ் அரசு ஊழியர்களை எந்த நிலையில் நிறுத்தியது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987 இல்தான். ஆனால் ஒருவர் கழுத்தில் கை வைத்துப் படிக்கச் சொல்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை கதைக்க ஆசைப்பட்டு நாமே படிப்பது வேறு. இரண்டாவதுக்கு நான் முழு மனதோடு கை தூக்குகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒருவர் தமிழை மட்டும் வைத்துக்கொண்டே பல காலம் ஓட்டிவிடலாம். கடையில் “கீயத?” என்று விலை கேட்பதோடு சிங்களம் முடிந்துவிடும். அதைத் தாண்டுவது நாம் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. “மட்ட தே எகக் ஓனே” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு, தேநீர், ஒன்று, வேண்டும். நாம் சொல்கிற அதே வரிசை. வினைச்சொல் நம்முடையதைவிடச் சுலபம்: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. போவது நானோ நீங்களோ அவரோ, பேச்சில் வினை மாறாது. எழுத்து மொழிக்குப் போனால் அது “மம யமி” ஆகிவிடும், அங்கேதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. எழுத்தைப் பொறுத்தவரை, நமக்கு ஒரு ‘க’ போதும், அவர்களுக்கு நாலு. அதற்குப் பதில் ‘கெ’ எழுதும்போது கொம்பை நம்மைப் போலவே எழுத்துக்கு முன்னால்தான் போடுகிறார்கள். அதற்குப் பெயரும் ‘கொம்புவ’.

வகுப்பு வேண்டுமானால் ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தில் விசாரிக்கலாம். ஆனால் சிங்களத்தின் பெரிய பலம் வகுப்பில் இல்லை, காலி வீதியில் ஓடுகிற 100ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கிறது. நடத்துநர், பூக்காரி, ஆட்டோக்காரர் என்று நாள் முழுக்கக் காசு வாங்காத ஆசிரியர்கள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள்: ஒரே பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கும் பலகைகள் நிறைய உண்டு. தமிழ் வரியை விரலால் மறைத்ததுபோல நினைத்துக்கொண்டு சிங்கள வரியை முதலில் வாசியுங்கள், பிறகு தமிழைப் பார்த்துச் சரிபாருங்கள். எழுத்துப் படிக்க இதைவிட நல்ல அப்பியாசக் கொப்பி எனக்குத் தெரியாது. இருந்து எழுதிப் பழக அமைதியான இடம் வேண்டுமென்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

பறவை பார்ப்பதுதான் என் அளவுகோலுக்கு அப்படியே பொருந்துவது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் ஏறக்குறைய ஒக்டோபரில் வந்து ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். நமது நாலு மாதமும் அதற்குள் அடங்குகிறது. ஆறுமணிக்குருவி அந்தக் காலத்து விருந்தாளி. அரசவால் ஈப்பிடிப்பானில் நீண்ட வெள்ளை வாலோடு வரும் ஆணும் அப்படித்தான். இங்கேயே இருக்கும் ஆண்களின் வால் செம்பழுப்பு நிறம். இதற்கு யாலை, சிங்கராஜா போன்ற தூரத்துக் காடுகளுக்குப் போக வேண்டாம். 2018 இல், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் முதல்முதலாக ஈரநில நகரங்கள் என்று ஏற்றுக்கொண்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, பத்தரமுல்லைப் பக்கம் தலங்கமை வாவி என்று எல்லாம் பஸ்ஸும் ஆட்டோவும் போகிற தூரம். அலுவலகம் போகும் வழியில் பேரை வாவியில் கூழைக்கடாவைப் பார்த்தும் தொடங்கலாம்.

விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். இருநோக்கி வாங்கினால் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். 12 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். அவ்வளவு பெருக்கத்தில் கை நடுக்கமும் பெரிதாகும், பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். அடையாளம் காண மெர்லின் செயலி, பார்த்ததைப் பதிவுசெய்ய ஈபேர்ட், இரண்டுமே இலவசம். கூட்டு வேண்டும் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக்கொண்டு 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழு இருக்கிறது. பறவைக்கு ஒரு குறையும் உண்டு: ஆசிரியரும் பரீட்சையும் இல்லாததால் ஒரு ஞாயிறு தூங்கிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு போவது நல்லது.

என் தீர்ப்பு இதுதான்: கிழமை நாட்களில் சிங்களம், ஞாயிறும் போயாவும் பறவை. இரண்டும் நேரத்துக்காக ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது. ஒன்றுக்கு பஸ் பயணமும் இரவில் அரை மணித்தியாலமும் காணும், மற்றதுக்கு ஒரு காலை காணும். ஈரநிலப் பூங்காவில் நிற்கிற ஊழியரிடம் ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சிங்களத்தில் விசாரித்துப் பாருங்கள். “அவிச்சியா” என்று பெயரையும் சொல்லி, எந்தப் பற்றைக்குள் பார்க்க வேண்டும் என்பதையும் காட்டக்கூடும்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து சிங்களம் சரளமாக வாசிக்கவும் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் வயலினை வைக்கலாம். ஆனால் ஆசிரியரை நவம்பரிலேயே பேசிவைத்துவிடுங்கள், ஜனவரியில் தேடத் தொடங்கினால் பாதிக் காலம் போய்விடும். பைத்தனை மே மாதத்துக்கு எழுதிவையுங்கள். பறவையை மட்டும் தள்ளிவைக்க வேண்டாம். ஏப்ரலில் போகிற ஆறுமணிக்குருவி திரும்ப வர ஒக்டோபர் ஆகும்.