கொடுவாக்கு ஃபுளோரோகார்பன்: ரீல் முழுக்க வேண்டாம், நல்ல லீடர் ஒண்ணு போதும்

மொதல்லயே சொல்லிருதேன் மக்கா, கொடுவா பிடிக்க ஃபுளோரோகார்பன் தூண்டில் லைன் அருமையான சாமானம், அது இல்லாம நான் மணக்குடி காயல் பக்கம் போறதே இல்ல, ஆனா ரீல் முழுக்க அத சுத்த வேண்டிய தேவ நமக்கு கெடையாது. அமெரிக்காக்காரனுவ பாஸ்ங்குத மீன பிடிக்க ஸ்பூல் நெறய ஃபுளோரோ சுத்துத வீடியோவ பாத்துட்டு நம்ம பயலுவளும் 200 கஜம் ஸ்பூலா ஆர்டர் போடுதானுவ. அவன் தேடுத லார்ஜ்மௌத் பாஸ் ஏரியில, நல்ல தண்ணியில கெடக்குத மீனு. நாம பொழிமுகத்துல தேடுதது கொடுவா. அதுக்கு ரீல்ல சுத்துத மெயின் லைன் பிரெய்ட், அதாவது பின்னுன நூல் லைன், அதுக்கும் லூருங்குத போலி இரைக்கும் நடுவுல மூணு நாலு அடிக்கு ஃபுளோரோ லீடர், அவ்வளவுதான்.

நான் கட்டுதது சீகார் ப்ளூ லேபல், 30 பவுண்ட் இழுவ தாங்குதது. சீகார் ஜப்பான் குரேகா கம்பெனிக்க சாமானம், 1971லயே உலகத்துல மொத ஃபுளோரோகார்பன் லைன கொண்டு வந்தது அவங்கதான். ப்ளூ லேபல்ல உள்ள உறுதியான ஒரு பிளாஸ்டிக், வெளிய கொஞ்சம் மெத்துன்னு வேற ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கா செஞ்சிருக்காங்க, அதனால இந்த தடிமன்லயும் முடிச்சு நல்லா அமருது. மத்த ஃபுளோரோல 30 பவுண்டுக்கு மேல போனா கம்பி கணக்கா வெறச்சுக்கிட்டு நிக்கும், இதுல அந்த தொல்ல கொறவு.

கொடுவாக்க வாய கிட்ட பாத்தவங்களுக்கு தெரியும், பல்லு பெருசா இருக்காது, ஆனா வாயோரம் முழுக்க சொரசொரன்னு இருக்கும். அதவிட மோசம் செவுள் மூடிக்க ஓரம், கவனிக்காம பிடிச்சா நம்ம கையவே அறுத்துரும். மீனு தண்ணிக்கு மேல சாடி தலைய ஒதறும்போ லைன் அங்க போயி ஒரசும், பிரெய்ட நேரா கட்டியிருந்தா ஒரே ஒரசல்ல முடிஞ்சுது காரியம். ஃபுளோரோ அத தாங்கும், நாம காசு குடுக்குததே அதுக்குத்தான். ஒரு மீன ஏத்துன பொறவு லீடர வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, லூருக்கு மேல ஒரு சாண் நீளத்துக்கு பளபளப்பு போயி வெள்ளயா பூத்திருக்கும், நகத்த வச்சு இழுத்தா அங்கங்க தட்டும். அந்த சாண யோசிக்காம வெட்டிட்டு புதுசா கட்டணும். வெட்டுன துண்ட கரையில போடாம பாக்கெட்டுல போட்டுக்கிடுங்க, அது மக்காது, கொக்கு நாரைக்க கால்லதான் போயி சுத்தும்.

தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாதுன்னு டப்பாவுல போட்டிருப்பான். கொஞ்சம் உண்ம இருக்கு, ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃபுளோரோவுக்கு 1.42, நைலான் தங்கூஸுக்கு 1.5க்கு மேல, அதனால தங்கூஸ விட மங்கலாத்தான் தெரியும். ஆனா நமக்கு ஜூன்லயும் மழ, ஐப்பசி கார்த்திகையிலயும் மழ, பழையாறு கலங்கி வரும்போ எந்த லைன போட்டாலும் ஒண்ணுதான். மாசி பங்குனில தண்ணி தெளிஞ்சு கெடக்கும்போதான் அதுக்க அரும தெரியும்.

இனி முக்கியமான காரியம், போலி. நைலானுக்கு மேல லேசா ஃபுளோரோ பூச்சு குடுத்துட்டு ஃபுளோரோகார்பன்னு பெருசா எழுதி விக்கானுவ. இத வீட்டுலயே கண்டுபிடிக்கலாம், ஒரு கிளாஸ் தண்ணியில கல்லுப்ப போட்டு கலக்கிட்டே இருங்க, அடியில கரையாம நிக்குத வர போடணும், முட்ட மெதக்குத அளவு பத்தாது. அந்த தண்ணிக்க அடர்த்தி 1.2 பக்கம் வரும். நைலான் 1.14, ஃபுளோரோ 1.78. லைன்ல ஒரு இஞ்ச் வெட்டி, விரலால அமுக்கி குமிழி போற வர நனைச்சு விடுங்க, ஃபுளோரோ நேரா அடிக்கு போவும், நைலான் மேல வந்துரும். சும்மா பச்சத்தண்ணில போட்டா ரெண்டுமே முங்கும், ஒண்ணும் பிடிகிட்டாது. நூறு சதவீதம் ஃபுளோரோன்னு அச்சடிச்சு ஆன்லைன்ல வந்த ஒரு சுருள் எனக்க கண்ணு முன்னால மெதந்துது, கேட்டா பிரிச்ச சாமானத்துக்கு ரிட்டர்ன் இல்லியாம். பிரிக்காம எப்பிடி பாக்க? பாடுபட்டு சேத்த காசுல வாங்குத பயலுவள இப்பிடி ஏமாத்துதது பெரிய அநியாயம்.

முடிச்சு விசயத்துல பொறும வேணும். ஃபுளோரோவுக்கு ஆவாதது சூடு, காஞ்ச லைன பட்டுன்னு இறுக்குனா அந்த ஒரசல் சூட்டுலயே பலம் போயிரும், எச்சில் தொட்டு பைய இறுக்கணும். பிரெய்டோட சேக்க எஃப்ஜி முடிச்சுதான் நல்லது, ஒல்லியா இருக்கும், ராடுக்க வளையத்துல தட்டாம போவும். பழக கஷ்டம்னா டபுள் யூனி போடுங்க, ஆனா அப்போ லீடர நீளம் கொறச்சு முடிச்சு வளையத்துக்கு வெளியவே நிக்குத மாதிரி வச்சுக்கிடுங்க. லூர் பக்கம் லூப் முடிச்சு, அப்பதான் லூர் தாராளமா ஆடும்.

எல்லா எடத்துக்கும் இது கொள்ளாம்னு சொல்ல மாட்டேன். குளத்துல பாசிக்கு மேல தவள லூர் போட்டு விரால் பிடிக்குதவங்களுக்கு ஃபுளோரோ வேண்டவே வேண்டாம், அது முங்குத லைன், லூருக்க மூக்க பிடிச்சு கீழ இழுக்கும், அங்க பிரெய்ட நேரா கட்டுனா போதும்.

அளவு கேட்டா, மணக்குடி காயலுக்கும் தேங்காப்பட்டணம் ஆத்துக்கும் 30 பவுண்ட் தாராளம், தடிமன் அர மில்லிமீட்டர் பக்கம் வரும். குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குள்ள கல்லு போட்டு கட்டுன தூண்டில் வளைவுல நின்னு போடுதவங்க 50 வாங்குங்க, அங்க மீன விட கல்லுல ஒட்டியிருக்க சிப்பிதான் லைன அறுக்கும். வெல தங்கூஸ விட பல மடங்குதான், இல்லன்னு சொல்லல. ஆனா 25 கஜம் சுருள்ல நாலடி வச்சு வெட்டுனாலும் 18 லீடர் கிட்டும், 200 கஜம் ஸ்பூலுக்கு குடுக்குத காசுல மிச்சத்துக்கு நல்ல பிரெய்டா வாங்கி போடுங்க.