மான்யுமென்ட் வேலி: தி வியூ ஹோட்டல்

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையிலுள்ள மான்யுமென்ட் வேலிக்குச் செல்வோர் பலர் தொலைவிலுள்ள ஊர்களில் மலிவான அறை தேடுகிறார்கள். ஆனால் 2008-இல் திறக்கப்பட்ட தி வியூ ஹோட்டல் அந்தப் பள்ளத்தாக்கு அமைந்த நவஹோ பழங்குடிப் பூங்காவுக்குள்ளேயே இருப்பதால், விடியலைக் காண இருட்டில் வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்பதற்காகவே கூடுதல் வாடகை தகும் என்பேன். கிழக்கு நோக்கிய பால்கனியில் நின்றாலே, மிட்டன்ஸ் எனப்படும் செம்பாறைக் குன்றுகளின் பக்கம் வானம் வெளுப்பது தெரியும்.

சாப்பிட நவஹோ டாக்கோ கேளுங்கள்: எண்ணெயில் பொரித்த, நம் பூரியைவிடத் தடித்த ரொட்டியின் மேல் பீன்ஸ், இறைச்சி, சீஸ் பரப்பியிருக்கும். இது நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி; அவர்கள் சட்டப்படி மது கிடையாது. கோடையில் இங்கே கடிகாரம் அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முந்தியிருக்கும் என்பதால், அங்கிருந்து வருவோர் இரவு உணவு எப்போது முடிகிறது என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.