பல்லேடியமா, ருத்தேனியமா: உதகையிலிருந்து ஓர் ஒப்பீடு

பென்சமைடு என்ற சேர்மத்தின் பென்சீன் வளையத்தில் ஆர்த்தோ இடத்திலுள்ள (அமைடு தொகுதிக்கு அடுத்த கார்பனிலுள்ள) கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைத் திறந்து அக்ரிலேட் என்ற எஸ்டரைச் சேர்க்கும் வினைக்கு, உதகையிலுள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் பல்லேடியம், ருத்தேனியம் இரண்டையும் வினையூக்கிகளாகக் கையாண்ட பின் ருத்தேனியத்தையே தேர்ந்தெடுத்தோம்.

இவ்வகை வினைகளில் வரலாற்றுப் பெருமை இரண்டுக்கும் உண்டு: பல்லேடியத்துக்கு 1967-இல் ஃபுஜிவாராவும் மோரிடானியும், ருத்தேனியத்துக்கு 1993-இல் முராய் குழுவினரும் வழி திறந்தார்கள். வாய்வழி மருந்தில் எஞ்சலாம் என்று அனுமதிக்கப்படும் அளவும் இரண்டுக்கும் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஆக்சிஜனேற்றி, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வினையூக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் துணைப்பொருள். நாங்கள் பின்பற்றிய பல்லேடியச் செய்முறையில், ஒவ்வொரு மூலக்கூறு விளைபொருளுக்கும் இரண்டு சில்வர் அசிட்டேட் செலவாகும். வினை முடிந்ததும் கரிய வெள்ளித்தூள், வடிகட்டப் பயன்படும் செலைட் தூள் படுகையை அடைத்துக்கொள்ளும். குடுவையின் உட்சுவரில் கண்ணாடிபோல் படிந்ததை நைட்ரிக் அமிலம் விட்டுக் கரைக்க வேண்டும். அந்தக் கழிவில் அம்மோனியா கலந்து நாள்பட வைத்தால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. இங்கே சாக்கடையில் விட்டது ஓடை வழியே பவானிக்குத்தான் போகும் என்பதால், ஒவ்வொரு பாட்டிலையும் சேர்த்துவைத்து மலையிறக்கியாக வேண்டும்.

ருத்தேனியத்துடன் காப்பர் அசிட்டேட் போதும். தாமிரக் கழிவும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சுதான். ஆனால் அதைப் பிரித்தெடுப்பது எளிது. நீர்த்த அம்மோனியாவால் கழுவும்போது நீர் அடுக்கு கருநீலமாகும்; நீலம் வருவது நிற்கும் வரை கழுவினால் பெரும்பகுதி வெளியேறிவிட்டது என்று கண்ணாலேயே அறியலாம். செலவான தாமிரத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மீண்டும் புதுப்பிக்கும் என்பதால் சிறிதளவே போதும் என்பார்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அந்தச் சலுகையை நம்ப இயலவில்லை: இங்கே தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதிக்கிறது, மற்றக் கரைப்பான்களும் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கின்றன. எனவே வினைக்கு வேண்டிய 110 டிகிரிக்கு மூடிய குழாய் தேவைப்படுகிறது. மூடினால் காற்று போதாது, ஆகவே தாமிரத்தை முழு அளவில் சேர்க்கிறோம். அப்படியும் வெள்ளியைவிடச் செலவு குறைவு. இந்த ருத்தேனிய வினையூக்கியில் உலோகத்தோடு பிணைந்திருக்கும் பாரா-சைமீன் என்ற ஈனி ஆல்ஃபா-ஃபெலாண்ட்ரீனிலிருந்து வருகிறது. சில யூகலிப்டஸ் இனங்களின் தைலத்தில் உள்ள அதே பொருள் என்பதில் மலைக்காரர்களான எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

வளையத்தில் அல்லாமல், நிறைவுற்ற (இரட்டைப் பிணைப்பில்லாத) கார்பன் சங்கிலியிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளில் எங்களுக்கு அனுபவம் மிகக் குறைவு. ஆயினும் 2005-இல் டாகுலிஸ் குழு காட்டிய 8-அமினோகுவினோலின் வழி (உலோகத்தை உரிய இடத்துக்கு வழிநடத்தும் தொகுதியைப் பயன்படுத்துவது) போன்றவற்றுக்கு, அங்கேயும் சில்வர் அசிட்டேட் வேண்டியிருந்தாலும், பல்லேடியத்தையே எடுப்பேன். அசிட்டனிலைடு வகைச் சேர்மங்களிலும் அப்படியே; பென்சோகுவினோனை ஆக்சிஜனேற்றியாகக் கொண்டு பல்லேடியம் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்கிறது, வெள்ளிக்கு அவசியமே எழுவதில்லை.