வயலுக்குப் போகும் பிக்கப்: கம்பெனி டயரா, ஒரு படி பெரியதா, மட் டயரா?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம் பக்கத்து டயர் கடைகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். “அண்ணே, ஒரு சைஸ் பெரிசா போட்டா வண்டி களத்துமேடு வரைக்கும் போயிடுமா?” கேட்பவர்களில் பாதிப் பேர் பொலிரோ பிக்கப் போன்ற லோடு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள். நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்கு அடிப்பார்கள், அது முடிந்தால் வைக்கோல், அப்புறம் உளுந்து. மீதிப் பேர் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள். தென்னந்தோப்பு, இறால் குட்டை என்று சுற்றுபவர்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. லோடு வண்டிக்கு சைஸை மாற்றாமல் பேட்டனை, அதாவது டயர் மேலே இருக்கும் கட்டை, பள்ள அமைப்பை மட்டும் மாற்றுவதுதான் சரி என்பது என் முடிவு. ஃபோர் வீல் டிரைவுக்கு ஒரு படி பெரிய ஆல்-டெரெய்ன் டயர், அதாவது ரோடு, மண் இரண்டுக்கும் ஏற்ற டயர் தகும். சேற்றுக்கென்றே செய்த 33 அங்குல மட் டயரும், வண்டி உடம்பைத் தூக்கி வைக்கும் லிஃப்ட் கிட்டும் நம் ஊர் ஆற்றங்கரைச் சாலைக்கு ஆபத்து.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். லோடு பிக்கப்பில் அதிகம் பார்க்கும் சைஸ் 215/75 ஆர்15. 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம். இதன் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். பெரிசு வேண்டும் என்பவர்கள் போய் நிற்பது 235/75 ஆர்15-ல். அதன் உயரம் 733. வித்தியாசம் 30 மில்லிமீட்டர், அதாவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் டயர் 30 உயர்ந்தால் அச்சு உயர்வது அதில் பாதிதான். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் நடுவே கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம்கூடத் தேறாது. டிராக்டர் போன தடத்தில் அடி தட்டாமல் தப்பிக்க இது எப்போதாவது உதவும். மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே கொண்டுவர உதவாது.

மாட்டுவது ஏன் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டெல்டாவில் இன்று வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார் ரோடு அல்லது சிமென்ட் ரோடுதான். சிக்கல் கடைசி அரை கிலோமீட்டரில் இருக்கிறது. பெல்ட் போட்ட அறுவடை இயந்திரம் வயலுக்குள் அறுக்கும், டிராக்டர் நெல்லை வெளியே கொண்டுவந்து கொட்டும், பிக்கப் கரை வரைக்கும் வந்தால் போதும். ஆனால் அந்தக் கரையில் டிராக்டர் சக்கரம் இழுத்து வந்த களிமண் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பூசிக் கிடக்கும். அடியில் கப்பி கெட்டியாகத்தான் இருக்கும், மேலே மட்டும் வழுவழு. சாதாரண ரோடு டயரின் ஒடுங்கிய பள்ளங்களில் இந்தக் களிமண் நான்கு சுற்றில் அடைத்துக்கொள்ளும். இறங்கிப் பார்த்தால் பேட்டனே தெரியாது, வழித்துவிட்ட தோசைக்கல் போல மொழுக்கென்று இருக்கும். அதற்குமேல் டயர் 215 ஆனாலும் 235 ஆனாலும் ஒன்றுதான், இரண்டும் அதே இடத்தில் நின்று சுற்றும்.

இந்த இடத்தில் வேலை செய்வது பள்ளத்தின் அகலமும் ஆழமும். கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும் லக் பேட்டன் சுற்றும்போது மண்ணை உதறிவிடும், அடியில் இருக்கும் கப்பியைப் பிடிக்கும். லாரிக்காரர்கள் முன்னால் ரிப் (சுற்றிலும் நீளக் கோடாகப் பள்ளம் ஓடும் பேட்டன்), பின்னால் லக் என்று போடுவது இதற்காகத்தான். பிக்கப்பிலும் இழுப்பது பின்சக்கரம், திருப்புவது முன்சக்கரம். அதே 215/75 அளவில், அதே லோடு தாங்கும் திறனில், பின்னால் இரண்டும் லக் அல்லது செமி லக் (ரிப்பும் லக்கும் கலந்தது) போட்டால் கரைச் சேற்றில் கிடைக்கும் பிடி, நான்கையும் 235 ரோடு பேட்டனாக மாற்றினால் கிடைப்பதைவிடத் தெளிவாக அதிகம். செலவும் இரண்டு டயரோடு நிற்கும். பழைய டயரின் உடம்பு நன்றாக இருந்தால் பின்னால் போட லக் பேட்டனில் ரீட்ரேட் செய்துகொள்ளலாம், அதாவது தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். முன்சக்கரத்துக்கு ரீட்ரேட் வேண்டவே வேண்டாம், அங்கே பட்டை உரிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

லக் டயருக்குக் குறை இல்லையா? உண்டு. தார் ரோட்டில் இரையும். ரப்பர் சீக்கிரம் தேயும். தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் ஐப்பசி மழையில் காலி வண்டியாக வரும்போது பின்பக்கம் லேசாக இருக்கும், அப்போது பிரேக் அழுத்தினால் ரிப் டயரைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அதனால் மழையில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். முக்கால்வாசி ஓட்டம் ஹைவேயில் என்றால் செமி லக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அகலத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அகல டயர் சேற்றில் மிதக்கும் என்பார்கள். மணலில் அது உண்மை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் வேதாரண்யம் கடலோரத்திலும் தரை மணல். அங்கே அகல டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினால் நன்றாகப் போகும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயல்களில் கதை வேறு. சேறடித்து நட்ட வயலில் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் உழவு அடித்து அடித்து இறுகிப்போன கெட்டித் தளம் ஒன்று இருக்கும். ஒல்லியான டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு அதைத் தொட்டுவிடும். அகல டயர் தொடவும் தொடாது, இரண்டு டன்னைத் தாங்கி மிதக்கவும் செய்யாது, முன்னால் சேற்றைக் குவித்துத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதிக எடை ஏற்றும் சில பிக்கப்களில் கம்பெனியே 7.00 ஆர்15 என்ற ஒல்லி, உயர டயரைப் போட்டுத் தருகிறது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அழகுக்காக அதைக் கழற்றி அகல டயர் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. இருக்கிற நல்லதை விற்றுவிட்டு வருகிறார்கள்.

இனி லோடு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 1.3 டன் ஏற்றும் வண்டியில் 32 மூட்டை. வண்டி எடையும் சேர்த்து மொத்தம் 3 டன் என்று வையுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழுந்தால் ஒரு பின் டயர் தாங்க வேண்டியது 1,000 கிலோ. டயரின் பக்கச் சுவரில் சைஸுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ. கடையில் கிடைக்கும் 235/75 ஆர்15 டயர்களில் பல, ஜீப் வகை சொகுசு வண்டிகளுக்காக வந்தவை. பலவற்றில் 105 என்றே இருக்கும். பார்க்கப் பெரிசு, தாங்குவது குறைவு. லோடு வண்டிக்கான டயரில் ‘எல்டி’ (லைட் டிரக்) என்ற எழுத்தும், டயர் உடம்பின் பலத்தைக் காட்டும் 6 பிஆர், 8 பிஆர் என்ற பிளை கணக்கும் இருக்கும், காற்றும் அதிகம் பிடிக்கும். சொகுசு வண்டி டயரில் அந்த அளவு காற்று வைக்க முடியாது. சித்திரை வெயிலில், தார் கொதிக்கும் நேரத்தில், முழு லோடோடு அந்த டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடித்தால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எண்ணைப் படிக்காமல் சைஸை மட்டும் பார்த்து டயர் வாங்கவே கூடாது.

ரிம்மையும் பார்க்க வேண்டும். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் தேவை. ஐந்தரை அங்குல ரிம்மில் அதை மாட்டினால் பக்கச் சுவர் உப்பி, தேய்மானம் நடுவில் மட்டும் விழும்.

இழுவைக்கு வருவோம். டயர் 4 சதவீதம் உயர்ந்தால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீளும், சக்கரத்தில் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். காலி வண்டியில் தெரியாது. 32 மூட்டையோடு கரைச் சரிவில் முதல் கியரில் நகர்த்தும்போது கிளட்ச் காலுக்குச் சொல்லும். அதே கணக்கில் 31 அங்குல டயர் போட்டால் உயரம் 12 சதவீதம் கூடும். கிளட்ச் பிளேட்டின் ஆயுள் அங்கேதான் கரைகிறது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். 235-ல் முள் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டி ஓடும், 31 அங்குலத்தில் 67. மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புபவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 235 போட்ட வண்டியில் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டினால் உண்மையில் ஓடியது 104. மீட்டர் கணக்கில் 12 கிடைத்தால் நிஜம் பன்னிரண்டரை. அதைத் திருத்திய பிறகும் குறைந்திருந்தால் அது டயரின் எடையும் பேட்டனும் தின்றது.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. அவை பெரும்பாலும் முழு லோடு அடிப்பதில்லை, நான்கு சக்கரமும் இழுக்கும், என்ஜினிலும் இழுவை இருக்கிறது. 245/70 ஆர்16 இருக்கும் வண்டியில் 265/70 ஆர்16 ஆல்-டெரெய்ன் போட்டால் உயரம் 749-லிருந்து 777 மில்லிமீட்டர் ஆகும், 4 சதவீதத்துக்குள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பின்னால் ஆட்களை ஏற்றி, மட்கார்டு உள்பக்கம் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். டயர் கடைக்காரர்கள் சொல்லும் 3 சதவீத வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது என்பதால் பிரேக் பிடிக்கும் தூரத்தை முதல் வாரத்தில் கவனித்துப் பழக வேண்டும். 255/60 ஆர்18 வண்டியில் 265/60 ஆர்18 இன்னும் நிம்மதி, வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான்.

அடுத்த படிதான் எனக்கு ஒப்பாதது. 749 மில்லிமீட்டர் டயரை எடுத்துவிட்டு 33 அங்குல மட் டயர், அதை நுழைக்க இரண்டு அங்குல லிஃப்ட். வண்டி மொத்தத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும். வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு கரைகளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பத்தடி பள்ளத்தில் வயல், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். எதிரே டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை விளிம்பில் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். மழையில் ஊறிய விளிம்பு அமுங்கும். வண்டி சாயும்போது உயரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் கவிழும். அதன்மேல் வைக்கோல் பாரம் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். லோடு பிக்கப்பையே இப்படித் தூக்கி வைத்தவர்களையும் பார்க்கிறேன். 40 கிலோ மூட்டையைத் தலையிலிருந்து தளத்துக்குத் தள்ளும் லோடுமேனுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் முதுகில் தெரியும். நாள் முழுக்க மூட்டை தூக்குபவரைக் கேட்காமல் தளத்தை உயர்த்துவது நியாயமே இல்லை.

சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். உங்கள் மாடலின் வேறு வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் சைஸா என்று டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பார்த்துக்கொண்டால் எஃப்சி-யிலும் (வண்டித் தகுதிச் சான்று) இன்சூரன்ஸிலும் பேச ஒரு பிடி இருக்கும். லோடு வண்டிக்கு எஃப்சி அடிக்கடி வருவது, அங்கே போய் வாதாட முடியாது. எந்த சைஸாக இருந்தாலும் பேட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அந்த டயர் ரோட்டில் ஓடக்கூடாது.

சைஸ் மாற்றுபவர்கள் மறந்துவிடுவது ஸ்டெப்னி. நான்கை மட்டும் மாற்றி, பழைய சின்ன டயரை அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். பெரிய டயர் அந்தக் கூட்டில் நுழைகிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் ஐந்தும் ஒரே சைஸ், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. உயரம் மாறிய டயரோடு ஃபோர் வீலில் போட்டு ஓட்டினால், முன், பின் அச்சுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போகும். பின்சக்கர இழுவை பிக்கப்பில் பின்னால் பஞ்சரானால், முன்னால் இருக்கும் பெரிய டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, சின்ன ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டுங்கள். மூட்டை ஏற்றிய வண்டியில், சேற்றில், ஜாக்கியை இரண்டு முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகையும் வண்டியிலேயே கிடக்கட்டும்.