கப்பலேறச் சக்கர நாற்காலி: அங்கேயே கேட்பதா, கையோடு கொண்டுபோவதா?

முட்டிவலிக்காரர்களுக்குச் சொகுசுக் கப்பலில் கஷ்டமே ஏறும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான். பெட்டி கொடுக்க ஒரு வரிசை, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, சோதனைக்கு இன்னொன்று. சிங்கப்பூர் மரினா பே மாதிரி பெரிய முனையங்களில் நடையும் அதிகம்.

முன்பதிவிலேயே சொல்லிவைத்தால் ஆள் வந்து நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவார். கப்பலுக்குப் போகும் பாலத்தின் சரிவு கடல்மட்டத்தைப் பொறுத்து மாறும். அங்கே பழகிய கை தள்ளுவது நிம்மதி. ஆனால் உள்ளே விட்டதும் நாற்காலி திரும்பிவிடும். அப்புறம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக என்ன செய்வது?

சொந்த நாற்காலி என்றால் அந்தக் கவலை இல்லை. கவலை கதவில் இருக்கிறது. சாதாரண அறைக் கதவு பல கப்பல்களில் 23 அங்குலம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் சுமார் 32. அம்மாவோடு போனபோது, வாசலில் அவர் சுவரைப் பிடித்து நிற்க, நாற்காலியை மடக்கிக் கட்டிலடியில் செருகினோம். தினமும் நாலைந்து தடவை! மின்சார ஸ்கூட்டருக்கு இந்த வழியில்லை, நடைபாதையில் நிறுத்தவும் விடமாட்டார்கள். கிரீஸின் சான்டோரினி தீவு போல, கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நின்று சிறுபடகில் இறக்கும் இடங்களில் அதைப் பெரும்பாலும் ஏற்றுவதில்லை.

என் ஓட்டு மடக்கு நாற்காலிக்கு. பாலத்தில் தள்ள மட்டும் முனையத்து ஆளைக் கேளுங்கள்.